ஒட்டிவைத்த ஸ்விட்ச்

கிட்டார் ஸ்விட்ச்சில் பசையை ஊற்றி ஒட்டியது வேறு யாருமில்லை, திருமுருகனேதான். ஒட்டினோமா போனோமா என்று இருந்தானா? ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி குழுவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வேறு திரிந்தான். "வாசிக்கறப்ப கை பட்டுப் பட்டு நகருதுப்பா. ஒட்டிட்டேன். இப்ப அசையட்டும் பாப்போம்!" அசையவில்லைதான். கல்லாக இறுகிப் போனது எங்கிருந்து அசையும்?

அந்தச் சிவப்புக் கிட்டார் அவனுடையதுமில்லை. அவன் மனைவி பானுப்ரியாவுடையது. அரியலூர்ப் பெண். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தபோது அப்பாவிடம் அழுது அடம்பிடித்து, திருச்சிக்குப் போய் வாங்கி வந்தாள். கல்லூரி விழாவில் அவள் வாசிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் திருமுருகன் பெண் கேட்டு வந்தான். பெரம்பலூரில் அவனுக்குச் சொந்தமாக இன்னிசைக் குழு இருந்தது. "நம்ம குழுவுக்கு இனிமே நீதான் லீடு கிட்டார்" என்று நிச்சயத்தன்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். கல்யாணம் ஆனதும் அந்தப் பேச்சு காற்றில் போயிற்று. "திருவிழாவுல பொம்பள கிட்டார் புடிச்சு நின்னா விசிலடிப்பானுங்க. நமக்கு எதுக்கு அந்த வம்பு" என்றான். கிட்டார் வேறொரு பையன் கையில் மேடைக்குப் போனது, கிட்டார்க்காரி அடுப்படிக்குப் போனாள். மைக் ஒயர் அறுந்தால், ஸ்பீக்கர் கரகரத்தால் மட்டும், "பானு, இதக் கொஞ்சம் பாரு" என்று கூப்பிடுவான். அதற்கு அவள் வேண்டும். கச்சேரிக்கு அவளைக் கூட்டிப்போவதைக்கூட நிறுத்தி வெகுகாலமாயிற்று.

இந்தச் சமயத்தில்தான் அவளுடைய பெரியப்பா மகன் ராஜேஷுக்கு அரியலூரில் கல்யாணம் வைத்தார்கள். முதல் நாள் மாலை வரவேற்பு, வீட்டு மாப்பிள்ளை திருமுருகனுடைய குழுவின் கச்சேரி. பத்திரிகை வைக்க வந்த பெரியம்மா காபியைக் குடித்துக்கொண்டே கேட்டாள்: "ஏண்டி பானு, அந்தக் கிட்டாரு இன்னும் இருக்கா, இல்ல கத்திரிக்கா நறுக்கப் பலகையா போட்டுக்கிட்டியா?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பானுப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவளுக்குப் பெரியம்மாவைவிட அம்மா மருதாயியின் ஞாபகம்தான் அதிகம் வந்தது. பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி கிட்டாரு என்று சொந்தமெல்லாம் கூடிக் கேட்டபோது, "எம்பொண்ணு வாசிப்பா, ஒங்களுக்கென்ன வலிக்குது?" என்று மல்லுக்கு நின்றவள் அம்மா. அப்படி நின்றவள் மகள் மேடையில் வாசித்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கல்லூரி விழா வரும்போதெல்லாம் வயலில் நடவு இருக்கும், இல்லாவிட்டால் அறுப்பு இருக்கும். அப்புறம் கேட்கலாம் என்று இருந்தாள். அப்புறம் கல்யாணமே ஆகிவிட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது பானுப்ரியா கேட்டாள்.

"ஒரே ஒரு பாட்டு நான் வாசிக்கிறேங்க. எங்க அம்மா கேக்கணும். அதுக்கப்புறம் நான் எதுவும் கேக்க மாட்டேன்."

மறுப்பான் என்று பதில்களையெல்லாம் வரிசைகட்டி வைத்திருந்தாள். அவன் மோரை ஊற்றிக்கொண்டு, "சரி, வாசியேன். ஒன் சொந்தக்காரங்கதானே, எவன் விசிலடிக்கப் போறான்" என்றான். "ஸ்விட்ச்சு மட்டும் போயிடுச்சு. நீயே மாத்திக்க."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததே என்று ஒரு நிமிடம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எங்கே? சந்தோஷத்தில் இருப்பவளுக்குச் சந்தேகம் வருமா?

மறுநாள் அவன் திருச்சிக்கு மைக் ஒயர் வாங்கப் போனான். வரும்போது புது ஸ்விட்ச் ஒன்றையும் கையில் கொண்டுவந்து கொடுத்தான். "அஞ்சு நெலை ஸ்விட்ச்சுன்னு கேட்டேன், கொடுத்தான்." ஐந்து நிலை ஸ்விட்ச்தான், தப்பில்லை. பழையது திறந்த தகடு. ஒரு பக்கம் நான்கு கால், மறுபக்கம் நான்கு கால். புதியதோ மூடிய பிளாஸ்டிக் பெட்டி. எட்டுக் கால்களும் ஒரே வரிசையில் நின்றன. எந்தக் கால் எதற்கு என்று ஒரு எழுத்துகூட அதன்மேல் இல்லை. படமும் கூட வரவில்லை.

கிட்டாரின் உடம்பில் கம்பிகளுக்கு அடியில் மூன்று பிக்கப் இருக்கின்றன. கம்பி அதிர்ந்தால் அதைச் சத்தமாக்கி அனுப்புவது அவைதான். எந்தப் பிக்கப் பேச வேண்டும், எது வாயை மூட வேண்டும் என்று முடிவு செய்வது அந்தச் சின்ன ஸ்விட்ச். ஒரு கோடியில் தள்ளினால் கணீரென்று வெட்டும் சத்தம். மறு கோடியில் தள்ளினால் மெத்தென்று உருண்டு வரும். நடுவில் மூன்று நிலைகள், மூன்றும் வேறு வேறு குணம். அதைத்தான் திருமுருகன் பசை ஊற்றி ஊமையாக்கியிருந்தான்.

கிட்டாரைக் கவிழ்க்காமல் மேல்தகட்டைக் கழற்றி, பழைய ஒயர்களை செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். பிக்கப் ஒயர் மூன்றும் வெள்ளை. மூன்றுக்கும் மூன்று நிறம் கொடுத்தால் செய்தவனுக்குக் குடியா முழுகிவிடும்? முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றையும் அது புறப்படும் இடத்திலிருந்து விரலால் பிடித்துக்கொண்டே வந்து, நுனியில் நெயில் பாலிஷால் பொட்டு வைத்தாள். ஒன்றுக்கு ஒரு பொட்டு, அடுத்ததற்கு இரண்டு, கடைசிக்கு மூன்று.

பிறகு புது ஸ்விட்ச்சை எடுத்து மீட்டரை, இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில் வைத்தாள். பழையதில் வரிசையின் கடைசிக் கால்தான் பொதுக்கால். சத்தம் அது வழியாகத்தான் வெளியே போகும். அதே நினைப்பில் புதியதிலும் கடைசிக் காலில் ஊசியை வைத்து நெம்புகோலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒரு கோடியில் பீப் வந்தது, பிறகு செத்துப் போனது. "சனியனே, எங்கடா ஒளிஞ்சிருக்க?" என்று திட்டினாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாசனை வந்தது. ஓடிப் போய் அணைத்துவிட்டு வந்து, இந்தத் தடவை முரண்டு பிடிக்காமல் ஒவ்வொரு காலாகத் தொட்டாள். நடுவில் இருந்த இரண்டும்தான் பொதுக்கால். அவற்றில் ஒன்றில் ஓர் ஊசியை வைத்தால், நெம்புகோலை எங்கே தள்ளினாலும் ஏதாவது ஒரு காலோடு பீப் வந்துகொண்டே இருந்தது. முதல் நிலையில் முதல் கால். இரண்டாவதில் முதலும் இரண்டும் சேர்ந்து. நடுநிலையில் இரண்டாவது தனியாக. அப்படியே மறுகோடி வரைக்கும். பிடித்துவிட்டாள். பழைய வரிசைப்படி கண்ணை மூடிக்கொண்டு சால்டர் வைத்திருந்தால் இரண்டு நிலையில் சத்தமே வந்திருக்காது.

அந்த நேரத்தில் குழுவின் கீபோர்டுக்காரன் சரத்குமார் ஒயர் பெட்டி எடுக்க வந்தான். மேடையில் லேப்டாப்பையும் மிக்சரையும் பார்த்துக்கொள்வதும் அவன்தான். தரையில் பரப்பியிருந்ததைப் பார்த்து நின்றான்.

"எதுக்கு அண்ணி இவ்ளோ மெனக்கெடுறீங்க? ஸ்விட்ச்சு எந்தப் பக்கம் இருந்தா என்ன?"

"போடா இவனே! எந்தப் பக்கம் இருந்தா என்னவா? நீ கீபோர்டுல எல்லாக் கட்டையும் ஒரே சத்தம் போட்டா வாசிப்பியா?"

அவன் சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்து, "அண்ணன் வந்தா சொல்லுங்க, வரேன் அண்ணி" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். என்ன ஆச்சு இவனுக்கு என்று நினைத்ததோடு சரி. சால்ட்ரிங் ஐயன் சூடாகியிருந்தது.

ஈயம் உருகிப் பளபளவென்று ஒவ்வொரு காலிலும் உட்கார்ந்தது. பொதுக்காலிலிருந்து வால்யூம் குமிழுக்கு ஓர் ஒயர். மறுபாதிப் பொதுக்காலிலிருந்து டோன் குமிழ்களுக்கு. எல்லாம் முடித்து, சின்ன ஸ்பீக்கரில் இணைத்து, திருப்புளியால் ஒவ்வொரு பிக்கப்பாகத் தட்டினாள். எந்த நிலையில் எது பேச வேண்டுமோ அது "டொக்" என்றது, பேசக் கூடாதது வாயைத் திறக்கவில்லை. பானுப்ரியா தனியாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டாள்.

உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"யம்மா, நான் வாசிக்கறப்ப என் கையவே பாரு. கீழ ஒரு வெள்ளைக் குச்சி இருக்கும். அத மேல தள்ளினா மெத்துன்னு இருக்கும், கீழ தள்ளினா கணீர்னு கேக்கும். ஒனக்காகத் தள்ளிக் காட்டறேன். சரியா?"

"எனக்கு என்ன பாப்பா தெரியும் அதெல்லாம்."

"தெரியும்மா. காது இருக்குல்ல?"

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவள் வாசித்த வாசிப்பு இருக்கிறதே! மணமக்கள் மேடைக்கு வரும்போது பாடும் ஒரு பழைய பாட்டு. நடுவில் பாட்டெல்லாம் ஓய்ந்து கிட்டார் மட்டும் தனியாக வரும் இடம் ஒன்று உண்டு. சோறு வேகும்போது, துணி ஊறும்போது, அந்த இடத்தையே திரும்பத் திரும்ப வாசித்தாள். வருஷக்கணக்கில் கம்பி படாமல் மென்மையாகிப்போன விரல் நுனிகளில் கொப்புளம் எழுந்தது. கொப்புளம் உடைந்து தோல் தடித்தது. அந்தத் தடித்த தோலை அவள் மோதிரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டாள்.

வரவேற்பு நாளன்று பிற்பகலிலேயே அரியலூர் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. சரத்குமார் மிக்சரைத் திறந்து, "அண்ணி, ஒரு தடவை வாசிங்க" என்றான். வாசித்தாள். பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து அவளுடைய சத்தம் கிளம்பி, கூரையில் மோதித் திரும்பி வந்தது. ஸ்விட்ச்சைத் தள்ளினாள், கணீர். மறுபக்கம் தள்ளினாள், மெத்து. சமையல்கட்டிலிருந்து பூரிக்கட்டையோடு ஒரு சமையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கும்மா!" என்று சொல்லிவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

மாலையில் மண்டபம் நிரம்பியது. முன்வரிசையில் மருதாயி, கல்யாணத்துக்கென்று எடுத்த மாம்பழ நிறப் புடவையில், பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திருமுருகன் மைக்கைப் பிடித்து, "அடுத்த பாட்டுக்குக் கிட்டார் வாசிக்கப் போறது இந்த ஊரு பொண்ணு, மாப்பிள்ளையோட தங்கச்சி, என்னுடைய துணைவியார்!" என்று முழங்கினான். கைதட்டல் எழுந்தது. பெரியம்மாகூடத் தட்டினாள். திருமுருகன் அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். அந்த ஒரு நொடி, இவன் பேரில் இத்தனை வருஷம் வைத்திருந்த கோபமெல்லாம் அநியாயமோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. பாவி மகள்!

பாட்டு தொடங்கியது. அவளுடைய இடம் வந்தது. விரல்கள் ஓடின. ஸ்பீக்கரில் கிட்டார் அருவியாகக் கொட்டியது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுவது தெரிந்தது. அதைப் பார்த்ததும் பானுப்ரியாவின் இடது கை ஒரு கட்டம் தவறி விழுந்தது. போச்சு, அபஸ்வரம் என்று பல்லைக் கடித்தாள்.

அபஸ்வரம் வரவில்லை. ஸ்பீக்கரில் சரியான ஸ்வரம்தான் வந்தது.

விரல் தப்பான கட்டத்தில் நிற்கிறது, சத்தம் மட்டும் எப்படிச் சரியாக வரும்? அவளுக்குப் புரியவில்லை. நமக்குத்தான் பதற்றம் போல என்று நினைத்து, அம்மாவுக்குச் சொன்னபடி ஸ்விட்ச்சைக் கீழே தள்ளினாள். சத்தம் மாறவில்லை. மேலே தள்ளினாள். மாறவில்லை. ஐயோ, சால்டர் விட்டுப் போச்சா? ஆனால் சால்டர் விட்டிருந்தால் சத்தம் போயிருக்க வேண்டும், இது போகவுமில்லையே. மற்ற நிலைகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளினாள், மீட்டரை வைத்துப் பார்த்த அதே வரிசையில். ஒரே சத்தம். கடைசியில் சுண்டுவிரலால் வால்யூம் குமிழை முழுக்கக் குறைத்தாள்.

கிட்டார் பாடிக்கொண்டே இருந்தது.

சரத்குமாரைப் பார்த்தாள். அவன் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான், தலையை நிமிர்த்தவேயில்லை. மிக்சரில் அவளுடைய லைனின் விளக்கு சிவப்பாக எரிந்தது. மூடியிருந்தது. மேளம், வயலின் எல்லாவற்றையும்போலக் கிட்டாரும் லேப்டாப்பிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அவள் கையில் இருந்தது வெறும் மரம்.

கையை எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். எடுத்திருப்பாள், சத்தியமாக. எடுத்தால் என்ன ஆகும்? கை நின்ற பிறகும் கிட்டார் ஓடும். சொந்தமெல்லாம் பார்க்கும். பெரியம்மா ஆயுசுக்கும் சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைக்கும். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முன்வரிசையில் மருதாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பானுப்ரியா கையை எடுக்கவில்லை. சத்தம் போன வழியில் விரல்களை ஓட்டினாள். லேப்டாப் முடித்த இடத்தில் அவளும் முடித்தாள். மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது.

மேடைக்குப் பின்னால் திருமுருகன் தண்ணீர் பாட்டிலோடு வந்தான்.

"பின்னிட்டே பானு! நல்லா வாசிச்சே."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் முகம் ஒரு கணம் செத்தது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "ரிஸ்க் எடுக்க முடியுமா? வருஷக்கணக்கா வாசிக்காத கை. ஒரு எடத்துல தப்பாப் போனா ஒங்க ஆளுங்க முன்னாடி ஒனக்குத்தான் அசிங்கம். ஒன் நல்லதுக்குத்தான் லைனை மூடச் சொன்னேன். முன்னாடி வாசிச்ச பயலுக்கும் இப்படித்தான் ஓடுச்சு, அவன் ஒண்ணும் சொல்லலியே. எல்லாக் குழுவுலயும் இதான் நடக்குது."

"அதான் ஸ்விட்ச்ச ஒட்டினீங்களா?"

"எவன் கேக்கப் போறான்னுதான் ஒட்டினேன். நீ என்னவோ பெரிசா எடுத்துக்கற." பாட்டிலை அவள் கையில் திணித்தான். "இங்க பாரு, பொண்ணு வீட்டுக்காரர் ஒருத்தர் இப்பவே கேக்கறாரு. ஜெயங்கொண்டத்துல அவங்க வீட்டு விசேஷத்துக்கும் நீ வந்து நிக்கணுமாம். லேடி கிட்டார்னா ஒரு கெத்துதானே. இனிமே எல்லாத்துக்கும் வா. புடவை மட்டும் கொஞ்சம் பளபளன்னு கட்டிக்க."

வாசிக்க வா என்று அவன் சொல்லவில்லை. வந்து நில் என்றுதான் சொன்னான். இத்தனை வருஷம் மேடை வேண்டும் மேடை வேண்டும் என்று எவனிடம் கெஞ்சினாளோ, அவன் இப்போது எல்லா மேடையையும் தூக்கிக் கொடுக்கிறான். அவளுக்கு அந்தப் பாட்டிலை அவன் மூஞ்சியில் வீச வேண்டும் போலிருந்தது. அதற்குள் பெரியம்மா வந்து கையைப் பிடித்து, "வாடி, பந்தி போட்டாச்சு. ஒங்கம்மா ஒன்ன விட்டுட்டு எலையில உக்கார மாட்டேங்கறா" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

பந்தியில் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவே உட்கார்ந்தாள். இலையில் பூரி விழுந்தது. குழுவைத் தவிர, இந்த மண்டபத்தில் அவள் வாசித்ததை உண்மையாகக் கேட்ட ஒரே மனிதர் உள்ளே எங்கேயோ எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மருதாயி சாப்பிடவில்லை. மகளுடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தடித்துப்போன விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"காச்சுப் போச்சே பாப்பா" என்றாள். பிறகு சொன்னாள்: "நீ போன்ல சொன்னியே, அந்த வெள்ளைக் குச்சி. அதயேதான் பாத்துக்கிட்டிருந்தேன். நீ தள்ளத் தள்ள எனக்கு நல்லாக் கேட்டுச்சு. கீழ தள்ளுனப்ப கணீர்னு இருந்துச்சு. மேல தள்ளுனதும் மெத்துன்னு ஆயிடுச்சு. இதோ, ஒங்க பெரியம்மாகிட்டக்கூடச் சொன்னேன், பாரு பாரு, எம்பொண்ணு தள்ளுனதும் சத்தம் மாறுது பாருன்னு. கேளு அவள."

"ஆமாண்டி, எனக்கும் கேட்டுச்சு" என்றாள் பெரியம்மா, பூரியைப் பிய்த்துக்கொண்டே.

பானுப்ரியா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் பொய் என்று எதுவும் இல்லை. உண்மையாகவே கேட்டிருக்கிறாள்.

"மாறுச்சுல்ல பாப்பா?" என்றாள் மருதாயி.

"ஆமாம்மா, மாறுச்சு" என்றாள் பானுப்ரியா. "நீ சாப்பிடு, பூரி ஆறுது."